சித்தப்பாவுக்கு இங்கிலீஷில் என்ன பேர்?

போன வாரக் கதையில் பொடிசை, அதாவது அண்ணன் செல்லமாக அப்படிக் கூப்பிடுகிற தங்கையை, ஒரு கையில் டிரம் குச்சியும் இன்னொரு கையில் கரண்டியுமாகச் சமையலறையில் நிற்கவைத்துவிட்டு வந்தோம். நாடு நாடாகப் போய் நாடகம் போடுகிற பெரிய குழுவிலிருந்து அவளுக்கு ஃபோன் வந்திருந்தது. அவள் வாசித்து அனுப்பிய பதிவைக் கேட்டார்களாம், பிடித்திருந்ததாம், நேரில் வந்து வாசித்துக் காட்டச் சொன்னார்கள். ஒரு வருஷப் பயணம். அண்ணன் அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கிவிட்டான். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது.

அந்தக் குழுவில் டிரம் வாசிக்கிறவர் திரைக்குப் பின்னால் உட்கார வேண்டும். மேடையில் யார் அழுகிறார்கள், யார் ஓடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. காதில் ஹெட்ஃபோன். டைரக்டர் அதில் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, எந்த டிரம், எந்தப் பித்தளைத் தட்டு என்று அந்த நொடியே கை போக வேண்டும்.

பொடிசுக்குத் தன் டிரம்களின் இங்கிலீஷ் பேர் ஒன்றுகூடத் தெரியாது.

சிரிக்காதீர்கள். முப்பத்து நாலு வயசு, பாதி வயசுக்கு மேல் டிரம்மில் போயிருக்கிறது, பேர் தெரியாதா என்று கேட்கத் தோன்றும். அந்த வீட்டு வழக்கம் அப்படி. பாட்டுக் குழு அண்ணனுடையது. அண்ணன் கீபோர்டு, இவள் டிரம், மீதி ஆட்கள் வருவார்கள், போவார்கள். சின்ன வயசில் இவளுக்குப் புரியட்டும் என்று அண்ணன் ஒவ்வொன்றுக்கும் உறவு முறையில் ஒரு பேர் வைத்தான். காலால் மிதிக்கிற பெரிய டிரம் பெரியப்பா. பெரியப்பாவைத் தினமும் உதைக்கிற ஒரே குடும்பம் நம்முடையதுதான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். முன்னால் சடசடவென்று பேசிக்கொண்டே இருப்பது அத்தை. பக்கத்தில் மூன்று காலில் தொப்பையோடு நிற்பது மாமா. ஒன்றோடொன்று ஒட்டி, உரசி, பிரிகிற இரட்டைத் தட்டுகள் சம்பந்திகள். வந்தவுடன் ஒரே சத்தத்தில் வீட்டை இரண்டாக்குகிற தட்டு சித்தி. மூலையில் ணிங் ணிங் என்று விடாமல் முணுமுணுக்கிற பெரிய தட்டு சித்தப்பா.

மேடையில் பாட்டுக்கு நடுவில் அண்ணன் திரும்பி, "அத்தையை அடக்கு! சித்தப்பாவைப் பேச விடு!" என்று கத்துவான். புதிதாக வருகிற கிட்டார்காரர்கள் குடும்பச் சண்டை என்று பயந்திருக்கிறார்கள்.

அதனால் பொடிசுக்கு இங்கிலீஷ் பேர் தேவைப்பட்டதே இல்லை. இப்போது தேவைப்பட்டது. அண்ணனுக்கு எல்லாம் தெரியும், பொறுமைதான் கிடையாது. அண்ணி பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறாள், நாள் முழுக்க ஃபோனில் இங்கிலீஷ் பேசுகிறவள். "நீங்க என்கிட்ட சொல்லுங்க, நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கறேன்" என்று அண்ணனிடம் சொல்லி அவளே முன்வந்தாள்.

தினமும் வேலை முடிந்து வந்து, சமையல் மேடையில் சட்டியும் மூடியும் பரப்பி வைத்து, அண்ணி பாடம் நடத்தினாள். கூடப் பிறந்த அக்கா இருந்தால்கூட இப்படி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருப்பாளா என்று பொடிசு நினைத்துக்கொண்டாள்.

இன்றைக்குக் காலையில் கடைசிப் பரீட்சை.

"பெரியப்பா?"

"கிக்."

"சம்பந்திங்க?"

"ஹை-ஹாட்."

"அத்தை?"

"டாம்."

"மாமா?"

"ஸ்னேர்."

"சித்தி?"

"ரைடு. சித்தப்பா கிராஷ்." பொடிசு ஒரு நிமிஷம் யோசித்தாள். "அண்ணி, கிராஷ்னா மோதறதுதானே? சித்தப்பா எங்க மோதறார்? அவர் பாவம், ஓரமா புலம்பிட்டு இருக்கறவர்."

"முன்னாடியே சொன்னேன்ல, பேருக்கு அர்த்தம் தேடாதேன்னு. ஹை-ஹாட்டுல எங்கேயாவது தொப்பி இருக்கா? அவங்க வெச்ச பேரு, நாம மனப்பாடம் பண்ணிக்கணும், அவ்வளவுதான்." அண்ணி சிரித்தபடி டம்ளரை நகர்த்திவைத்தாள். "ஃபோன்ல கீன்ல பார்த்துக் குழப்பிக்காதே. ஒவ்வொரு ஊர்க்காரன் ஒவ்வொண்ணு சொல்லுவான். நான் சொன்னதை மட்டும் வெச்சுக்கோ."

"சரி அண்ணி."

"தைரியமா போ. சந்தேகம் வந்தா என்னை நினைச்சுக்கோ."

நினைத்துக்கொண்டாள். அதுதான் வினை.

ஒத்திகை நடந்த இடம் ஒரு பழைய கிடங்கு. உள்ளே மரப்பலகை மேடை, கறுப்புத் திரை, எங்கே பார்த்தாலும் வயர். டைரக்டர் ஒரு பெண்மணி. நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. சவுண்ட் இன்ஜினியர் நம் பாஷைக்காரர். "உக்காருங்கம்மா, சீட்டு உயரம் சரியா இருக்கா?" என்று அவர் கேட்டதில் பொடிசுக்குப் பாதி நடுக்கம் போய்விட்டது.

முதலில் அவள் இஷ்டத்துக்கு வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தாள். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ கை தட்டினார்கள். சரி, ஜெயித்தாச்சு என்றே நினைத்தாள் அந்தப் பைத்தியக்காரி.

அப்புறம் ஹெட்ஃபோன் மாட்டினார்கள்.

தாய் குழந்தையைத் தூங்கவைக்கிற காட்சி என்று இன்ஜினியர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நடிகை துணிமூட்டையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். காதில் டைரக்டரின் குரல் மெதுவாக வந்தது. ரைடு, ரொம்ப மெல்ல.

ரைடு என்றால் சித்தி. அவள் கை நின்றது. குழந்தை தூங்கும்போது சித்தியா? கை வேண்டாம் என்றது. சந்தேகம் வந்தா என்னை நினைச்சுக்கோ என்று அண்ணி சொன்னது ஞாபகம் வந்தது. அடித்தாள்.

எவ்வளவு மெல்ல அடித்தால் என்ன, சித்தி சித்திதான். கிடங்கு முழுக்க ஜல்லென்று அதிர்ந்தது. நடிகை தூக்கிவாரிப்போட்டு மூட்டையைக் கீழே விட்டுவிட்டாள். யாரோ சிரித்தார்கள்.

டைரக்டர் அடுத்த காட்சிக்குப் போனார். கோட்டைக் கதவை உடைக்கிற இடம். கிராஷ், முழு பலத்தோடு என்றார். பொடிசு முழு பலத்தோடு சித்தப்பாவை ஒரு போடு போட்டாள். கதவு உடைகிற இடத்தில் ணிங் என்றது. இந்த முறை நிறையப் பேர் சிரித்தார்கள்.

ஸ்னேர் என்றபோது மாமா தொம்மென்றார். டாம் என்றபோது அத்தை படபடவென்று கத்தினாள். இன்ஜினியர் இரண்டு தடவை ஓடிவந்து, தன் வயர்தான் மாறிவிட்டதோ என்று பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். பாவம், அந்த மனுஷன் கடைசி வரைக்கும் தப்பைத் தன் பக்கம்தான் தேடினார்.

டைரக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். அவர் இங்கிலீஷில் கேட்டதை இன்ஜினியர் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அனுப்பின பதிவு... அதுல வாசிச்சது நீங்கதானான்னு கேக்கறாங்க."

பொடிசுக்கு முகமெல்லாம் கொதித்தது. திருட்டுப் பட்டம் கட்டிவிட்டார்கள். இத்தனை வருஷம் கையில் காய்ப்புக் காய்க்க வாசித்ததை, இன்னொருத்தர் வாசித்து இவள் அனுப்பியதாக நினைக்கிறார்கள்.

"நான்தான் வாசிச்சேன்" என்றாள்.  இன்னொரு தடவை சொன்னாள்.

டைரக்டர் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். போகலாம் என்று யாரும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. பொடிசு அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். இன்ஜினியர் மட்டும் வந்து, ஒவ்வொரு மைக்காகத் தட்டி, மேலே ஒலி அறையில் இருந்த உதவியாளரிடம் பேர் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அத்தையைத் தட்டி, "ஸ்னேர்" என்றார். மாமாவைத் தட்டி, "டாம்" என்றார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்" என்று பொடிசு அத்தையைக் காட்டினாள். "இது டாம் இல்ல?"

"இதுவா? ஸ்னேர்ம்மா."

"அந்த மூலைத் தட்டு?"

"ரைடு."

"கிராஷ் எது?"

அவர் சித்தியைத் தொட்டுக் காட்டினார். "யாரு உங்களுக்கு மாத்திச் சொன்னது?"

"எங்க அண்ணி."

"அவங்க டிரம் வாசிப்பாங்களா?"

"இல்லண்ணே."

"அதான், குழப்பிக்கிட்டாங்க போல" என்று சிரித்தார். பொடிசும் சிரிக்கப் பார்த்தாள். ஆமாம், குழப்பிக்கொண்டிருப்பாள், பாவம், நாள் முழுக்கப் பல்வலிக்காரர்களோடு கத்திவிட்டு வருகிறவள்.

இன்ஜினியர் நல்லவர். மைக் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு டைரக்டரிடம் போய், வாசிப்பு நிஜம்தான், பேர்கள்தான் இடம் மாறியிருக்கின்றன என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வரச் சொல்றாங்க. ஒரே ஒரு தடவைதான். இல்லேன்னா மத்தியானம் வேற ஆளுக்குச் சொல்லிடுவாங்க. ராத்திரி உக்காந்து பேரை நல்லா மனப்பாடம் பண்ணிடுங்க. ஆனா தயவு பண்ணி அண்ணிகிட்ட கேக்காதீங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பொடிசு சரியான பேர்களைச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு பழைய பேருக்கே போனது. அவ்வளவு நன்றாகப் பாடம் ஏறியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

குழப்பிக்கொண்ட ஆள் தினமும் ஒரே மாதிரியா குழப்பிக்கொள்வார்? ஒரு நாளாவது நாக்குத் தடுமாறி நிஜப் பேர் வந்திருக்காதா? கிக் சரி, ஹை-ஹாட் சரி. மாறியது இரண்டு ஜோடிதான். அத்தையும் மாமாவும், சித்தியும் சித்தப்பாவும். எதை மாற்றினால் மேடையில் மானம் போகுமோ, அது மட்டும் மாறியிருந்தது. அதற்கு மேல், ஃபோனில் பார்க்காதே என்று ஒரு பூட்டு வேறு.

இல்லை, அண்ணி அப்படிப்பட்டவள் இல்லை. ஒருவேளை அண்ணன்தான் அண்ணிக்கு மாற்றிச் சொல்லிக்கொடுத்தானோ?  இரண்டு பேரில் யாராக இருந்தால் பரவாயில்லை என்று யோசித்துப் பார்த்தாள். இரண்டு பேரும் வேண்டாம் என்றுதான் தோன்றியது. பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். பொடிசு வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறைதான் அவர்களுடைய பயிற்சி அறை. அண்ணன் தரையில் உட்கார்ந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியா! எப்படிப் போச்சு?"

அவள் பையைப் போட்டுவிட்டு நேரே போய்ச் சித்தப்பாவை ஒரு தட்டுத் தட்டினாள்.

"அண்ணா, இதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேர்?"

"ரைடு. ஏன்?"

"இது?"

"கிராஷ். என்ன, எனக்கே பரீட்சையா?"

"அண்ணிக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தியா?"

"ஆமா. அவளும் அப்படியே திருப்பிச் சொன்னாளே. நூறு பேஷண்ட் பேர் ஞாபகம் வெச்சிருக்கறவளுக்கு இது என்ன பெரிய..." பேசிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"எனக்கு மாத்திச் சொல்லிக்கொடுத்திருக்காங்கண்ணா. ரைடுக்குக் கிராஷ், ஸ்னேருக்கு டாம். ஒரு வாரமா, தினமும். அங்கே போய் அத்தனை பேர் முன்னாடி அதையே அடிச்சேன். சிரிச்சாங்க. அந்தப் பதிவு என்னோடதே இல்லைன்னு நினைச்சுட்டாங்க."

அண்ணன் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தான். எழுந்து உள்ளே போய் அண்ணியை நாலு கேள்வி கேட்பான் என்று பொடிசு எதிர்பார்த்தாள். ஒருத்தர் இவளைத் தப்பாக ஒரு வார்த்தை சொன்னதற்கு மேடையை விட்டு இறங்கிச் சண்டைக்குப் போன அண்ணன் இவன்.

"அப்போ... உன்னை எடுக்கலையா?" என்றான்.

அதுதான் முதல் கேள்வி. கேட்டபோது அவன் தோள் இறங்கி, நெற்றிச் சுருக்கம் விலகியது. அவனை அறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது. அண்ணன் முகத்தில் என்ன வந்தால் என்ன அர்த்தம் என்று சின்ன வயசிலிருந்து பார்த்து வாசிக்கிறவள் அவள். அது கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. நிம்மதி.

இங்கேதான் பொடிசுக்கு நிஜமாகவே மனசு விட்டுப்போனது. அண்ணி செய்ததை அவள் நாளைக்கு மன்னித்தாலும் மன்னிப்பாள். அந்தப் பெருமூச்சை எப்படி மன்னிப்பது?

"கைகால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றபடி அண்ணி வாசலில் வந்து நின்றாள். கிளினிக்குக்கு அரை நாள் லீவு போட்டிருந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளக்கத் தேவைப்படவில்லை.

"ஏன் அண்ணி?" என்றாள் பொடிசு.

அண்ணி மழுப்புவாள் என்று நினைத்திருந்தால் ஏமாந்திருப்பீர்கள். கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்று சொன்னாள்.

"நீ போயிட்டா இந்தக் குழு நிக்கும். உனக்கே தெரியும். வேற டிரம்காரங்க யாரும் இவரோட ஒரு மாசம் தாங்கினதில்லை. குழு நின்னா இவர் என்ன ஆவார்? மேடையில இருக்கற அன்னிக்குத்தான் இவர் மனுஷனா இருக்கார். மீதி நாள்ல சுவத்தைப் பார்த்துப் படுத்துக் கிடக்கறதை நீ கதவுக்கு வெளியில இருந்து பார்க்கறே. நான் உள்ளே இருந்து பார்க்கறேன்."

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொன்னா நின்னிருப்பே. அப்புறம் காலம் பூரா என்னாலதான் போகலைன்னு என்னைப் பார்ப்பே. அதை என்னால தாங்க முடியாது." அண்ணியின் குரல் இப்போதுதான் உடைந்தது. "நீயே போய், நீயே தோத்துட்டு வந்தா, நான் பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொல்லலாம்னு நினைச்சேன். உனக்குப் பிடிச்சதா சமைச்சுக்கூட வெச்சிருக்கேன்."

இதைக் கேட்டு அழுவதா, சிரிப்பதா? தோற்பதற்குப் பாடமும் சொல்லிக்கொடுத்து, தோற்று வருகிறவளுக்கு இலை போட்டும் வைத்திருக்கிறாள். இப்படி ஒரு பாசத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

"என்கூட உக்காந்து டெய்லி சிரிச்சீங்களே அண்ணி" என்றாள் பொடிசு. "சித்தப்பா ஏன் மோதறார்னு கேட்டேனே. அப்பவும் சிரிச்சீங்களே."

 அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அவ பண்ணினது தப்புதான். நான் கேக்கறேன் அவளை, தனியா கேக்கறேன். எனக்குத் தெரியாது பொடிசு, உன் மேல சத்தியமா எனக்கு இது தெரியாது." நிஜமாகவே தெரியாது, அது அவளுக்கும் தெரிந்தது. அதனால் ஒன்றும் குறையவில்லை. அவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். "போனது போகட்டும். அவங்க... திரும்பக் கூப்பிட மாட்டாங்கல்ல?"

கேள்வியைக் கேட்ட விதத்திலேயே எந்தப் பதில் வேண்டும் என்பதும் இருந்தது.

பொடிசு அண்ணனைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"மாட்டாங்க" என்றாள்.

"சரி விடு. அவங்களுக்குக் கொடுத்துவைக்கலை." அண்ணன் குரலில் உற்சாகம் திரும்பிவிட்டது, அதை மறைக்கக்கூட அவனுக்குத் தெரியவில்லை. குனிந்து மறுபடியும் வயரை எடுத்தான். "நாளைக்குக் காலையில அந்தக் கம்பெனி விழா. பத்து மணிக்கு ஆரம்பம். உன்னை எடுத்துட்டா உனக்குப் பதிலா யாரைப் பிடிக்கறதுன்னு ராத்திரியெல்லாம் தூங்கலை தெரியுமா? நல்லவேளை, யாருக்கும் சொல்லலை. எட்டு மணிக்கு வேன் வந்துடும். நீ எழுந்துடுவேல்ல?"

"எட்டு மணிக்கு ரெடியா இருப்பேண்ணா" என்றாள் பொடிசு. சித்தப்பா ரைடு, சித்தி கிராஷ், அத்தை ஸ்னேர், மாமா டாம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அண்ணனிடம் அவள் இதுவரை பொய் சொன்னதே இல்லை. அதனால் அவன் அப்படியே நம்பினான்.